கறுப்பு வானமும் நீள நிழலும்: சந்திரயான்-3 படப்புத்தக வேலைக் குறிப்பு

ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கான 32 பக்கப் படப்புத்தகம். பொருள் சந்திரயான்-3: 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு நிலவின் தென்துருவப் பக்கம் தரை தொட்டு, செப்டம்பர் முதல் வாரத்தில் உறங்கப் போனது வரை. கையால் வரைந்த படங்கள், சிவகாசியில் நாலு கலர் ஆஃப்செட், 1000 பிரதி. புத்தகம் கைக்கு வந்துவிட்டது. வானத்துக் கறுப்பு சரியாக விழுந்திருக்கிறது, நிழல்கள் சரியாக இருக்கின்றன. இந்த இரண்டுக்குத்தான் வேலையின் பாதி நேரம் போனது. வரிசைப்படி எழுதுகிறேன். இடையில் தவறாகப் போன இடங்களும் அந்தந்த இடத்திலேயே வரும்.

அளவும் பக்கப் பிரிப்பும்

முதலில் வைத்த அளவு கிரவுன் 1/4, அதாவது வெட்டிய பிறகு 7.25 × 9.5 அங்குலம். தமிழ்ச் சிறுவர் நூல்களுக்குப் பழகிய அளவுதான். 20 × 30 அங்குலத் தாளில் ஒரு பக்கத்துக்கு 8 வீதம், இரு பக்கமும் சேர்த்து 16 பக்கம் விழும். ஓரத்தில் வெள்ளை விட்டு அச்சடிக்கும் புத்தகத்துக்கு இது போதும். இங்கே எல்லாப் பக்கமும் ஓரம் வரை கறுப்பு அல்லது சாம்பல். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் உபரிப் படம், வேண்டும்.

கணக்குப் போட்டால் தாளின் குறுகிய பக்கம் 508 மி.மீ. 9.5 அங்குலம் இரண்டு சேர்ந்து 482.6, பிளீட் 12, ஆக 494.6. மீதி 13.4 மி.மீ. மெஷின் தாளைப் பிடிக்கும் கிரிப்பருக்கே 10 முதல் 12 வேண்டும், மையின் அளவைச் சரிபார்க்கும் கலர் பார் போட இடமே இல்லை. இந்தக் கணக்கை 6 படம் முடித்த பிறகுதான் போட்டோம். வெட்டும் அளவை 7 × 9.25 ஆக்கியதும் மீதி 26 மி.மீ. கிடைத்தது. முடித்த 6 படங்களில் இரண்டில் மேல் ஓரம் வெட்டுப்பட்டதால் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. தாள் அளவு, கிரிப்பர், பிளீட் மூன்றையும் அச்சகத்தில் கேட்டு எழுதி வாங்கிய பிறகுதான் பென்சிலைத் தொட வேண்டும்.

பைண்டிங் சென்டர் பின், அதாவது தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடிப்பில் பின் அடிப்பது. பக்கம் 1 தலைப்பு, 32 பதிப்பு விவரம், நடுவே எதிரெதிராகத் திறக்கும் இரண்டிரண்டு பக்கமாக 15 விரிபக்கம். சென்டர் பின் புத்தகத்தில் நடுவில் திறக்கும் 16–17 மட்டும்தான் ஒரே தாளாகச் சேர்ந்திருக்கும். மற்ற விரிபக்கம் எல்லாம் இரண்டு வேறு இடத்தில் அச்சாகி, மடித்த பிறகு ஒன்று சேர்பவை. மடிப்பில் 1 மி.மீ. தள்ளினாலும் படம் முதுகில், அதாவது நடு மடிப்பில், படி இறங்கியதுபோல் தெரியும். கதையின் மிக நீளமான கோடு தரையிறங்கிய நேரத்து நிழல், அது முதுகைத் தாண்டி ஓடுகிறது. ஆகவே தரையிறங்கும் காட்சியை 16–17இல் வைத்துவிட்டு, கதையை அதற்கு முன்னும் பின்னுமாகப் பிரித்தோம். முன்பாதி 40 நாள் பயணம், பின்பாதி நிலவுத் தரையில் நடந்த வேலை. பைண்டிங் கேட்டதற்காகச் செய்தது, கதைக்கும் பொருந்தி வந்தது.

மாதிரி: பிளைவுட், சிமென்ட், ஒரு விளக்கு

முதல் ஓவியங்கள் இணையப் படங்களைப் பார்த்து வரைந்தவை. நிழல் எல்லாம் கலத்தின் காலடியிலேயே குட்டையாகச் சுருண்டு கிடந்தது, சென்னையில் காலை 10 மணி வெயில் போல. சந்திரயான்-3இன் தரையிறங்கும் கலமான விக்ரம் இறங்கிய இடம் தெற்கு அட்சரேகை 69 பாகை. அங்கே சூரியன் நண்பகலிலும் அடிவானத்திலிருந்து 20 பாகை அளவுக்குத்தான் ஏறும். தரையிறங்கியபோது அந்த இடத்துக்கு அதிகாலை, சூரியன் ஏறத்தாழ 8 பாகைதான் ஏறியிருந்தது. 8 பாகை வெளிச்சத்தில் நிழல் பொருளின் உயரத்தைப்போல் 7 மடங்கு நீளும். 20 பாகையில் 2.7 மடங்கு. இதை மனக்கணக்கில் வரைய முடியாது, மேடு பள்ளத்தில் நிழல் வளைந்து ஏறி இறங்கும். மாதிரி செய்து விளக்கடித்துப் பார்ப்பதே வழி.

அளவு 1:20. விக்ரமின் உடல் 2000 × 2000 × 1166 மி.மீ., மாதிரியில் 100 × 100 × 58. அதிலிருந்து இறங்கி ஓடிய ஊர்தி பிரக்யான் 917 × 750 × 397, மாதிரியில் 46 × 37 × 20. உடலுக்கு 3 மி.மீ. போம் போர்டு, கால்களுக்கு மூங்கில் குச்சி, பாதத்துக்குச் சட்டைப் பொத்தான், மேலே சாக்லேட் சுற்றிவரும் பொன்னிறத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டியது. தாளைக் கசக்காமல் ஒட்டினால் கண்ணாடிபோல் ஒரே இடத்தில் மின்னும். கசக்கினால்தான் அந்தக் காப்புத்தாளின் நொறுங்கிய மினுமினுப்பு வரும். எஞ்சின் குழல் நாலு. சந்திரயான்-2இன் விக்ரமில் ஐந்து இருந்ததால் பழைய படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் இங்கே தவறுவார்கள். எங்கள் முதல் வரைவிலும் ஐந்துதான் இருந்தது.

தரைக்குச் சலித்த சிமென்ட். கோலமாவு போட்டுப் பார்த்ததில் வெளுப்பு அதிகம், ஒளி எல்லாப் பக்கமும் சிதறி நிழல் கலைந்துவிட்டது. அடுப்புச் சாம்பல் பறந்து மாதிரி முழுக்கப் படிந்தது. சிமென்டை 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, கோலிக்குண்டு, நெல்லிக்காய் அளவு கல், கடுகு இவற்றை வெவ்வேறு உயரத்திலிருந்து போட்டால் பள்ளங்கள் தாமாகவே விளிம்பு கட்டி விழுகின்றன. கையால் தோண்டினால் ஒருநாளும் அப்படி வராது. மூக்கு மூடி கட்டாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடவும் கூடாது.

தரையின் நிறத்துக்கு ஆதாரம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் அனார்த்தோசைட் கல். நிலவின் மேட்டு நிலப் பாறையோடு ஒத்துப்போகும் கல் அது. இஸ்ரோ தரையிறங்கும் கலத்தையும் ஊர்தியையும் சோதிக்கச் செயற்கை நிலவு மண் செய்தது இந்தக் கல்லைப் பொடித்துத்தான். கல்லாகப் பார்த்தால் வெளிர்சாம்பல், தூளானால் இன்னும் வெளுக்கும். படத்துக்கு அந்த வெளுப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டோம். இந்தக் கல்லுக்கு 6–7 பக்கம் தனியாகக் கொடுத்திருக்கிறோம். தமிழில் இந்தப் புத்தகத்தைப் படிக்கிற பிள்ளைக்குத் தன் ஊர்ப்பக்கத்துக் கல் நிலவாக வேடம் போட்டதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

விளக்கில் இரண்டு முறை சறுக்கினோம். முதலில் மேசை விளக்கை 60 செ.மீ. தூரத்தில் வைத்ததால் நிழல் விசிறிபோல் விரிந்தது. சூரிய ஒளி இணையாக வருவது, விரியக் கூடாது. ஒற்றை எல்.இ.டி. உள்ள டார்ச்சை 2.5 மீட்டர் தள்ளி வைத்ததும் சரியாயிற்று. அந்தத் தூரத்தில் 8 பாகைக்கு விளக்கு தரையிலிருந்து 35 செ.மீ. உயரம், 20 பாகைக்கு 91 செ.மீ. இரண்டாவது சறுக்கல் தட்டின் அளவு: 45 செ.மீ. தட்டில் 58 மி.மீ. மாதிரியின் நிழல் 41 செ.மீ. நீளம், வெளியே ஓடிவிட்டது. 90 × 60 செ.மீ. பிளைவுட் துண்டில் சுற்றிலும் ரீப்பர் அடித்துத் திரும்பச் செய்தோம். அறையில் டியூப்லைட் அணைத்து, சுவரில் கறுப்புத் துணி தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் வெள்ளைச் சுவரிலிருந்து திரும்பும் வெளிச்சம் நிழலைச் சாம்பலாக்கிவிடும். காற்று இல்லாத இடத்து நிழல் அப்படி மங்காது. முழு இருட்டாகவும் இராது, சுற்றியுள்ள தூளிலிருந்து கொஞ்சம் ஒளி ஏறும்.

காட்சிக்குக் காட்சி சூரியன் நகர்கிறது. ஆகஸ்ட் 23இல் கிழக்கே தாழ்வாக இருந்தது, நிழல் மேற்கே 7 மடங்கு. பிரக்யான் 4 மீட்டர் அகலப் பள்ளத்தை 3 மீட்டர் முன்னால் கண்டு திரும்பியது ஆகஸ்ட் 27, அப்போது கிட்டத்தட்ட நண்பகல். சூரியன் வடக்குப் பக்கம் நிற்பதால் நிழல் தெற்கே விழும், நீளம் 3 மடங்குக்கும் குறைவு. விக்ரம் எஞ்சினை மறுபடி மூட்டி 40 செ.மீ. எழும்பி 30–40 செ.மீ. தள்ளி இறங்கியது செப்டம்பர் 3, மாலைப்பொழுது, நிழல் மறுபடி 7 மடங்கு, இப்போது கிழக்கே. ஒவ்வொரு விரிபக்கத்துக்கும் விளக்கின் திசையையும் உயரத்தையும் பென்சிலால் பிளைவுட் விளிம்பிலேயே எழுதி வைத்தோம். 11 நிலைகளில் படமெடுக்க ஒரு மாலை போதுமாக இருந்தது.

16–17 விரிபக்கத்தில் பார்வை வடக்கு நோக்கி. சூரியன் வலப்புறம், கலம் வலப் பக்கத்தில், நிழல் முதுகைத் தாண்டி இடப் பக்கம் ஓடுகிறது. இடப் பக்கத்து வானில் பூமி. முதல் வரைவில் பூமி 7 செ.மீ. அகலத்துக்கு, நீலமாக, இந்தியா நிமிர்ந்து நடுவில். எல்லாமே தவறு. நிலவிலிருந்து பூமியின் அகலம் 2 பாகைதான். படம் 60 பாகை அகலக் காட்சி என்று வைத்தால் 356 மி.மீ. விரிபக்கத்தில் அது 12 மி.மீ. வட்டம். அந்த இடத்தில் அடிவானத்திலிருந்து சுமார் 17 பாகை உயரம், படத்தில் 10 செ.மீ. மேலே. மறுநாள்தான் வளர்பிறை அரைநிலா, எனவே அங்கிருந்து பார்த்தால் பூமியும் ஏறத்தாழ அரைவட்டம், சூரியன் இருக்கும் வலப்பக்கம் ஒளிரும். நிலவின் தென்பகுதியில் நிற்பவருக்குப் பூமியின் தென்துருவம் மேலே இருக்கும். நம் ஊரில் அப்போது மாலை 6 மணி, அதனால் இந்தியா பகலும் இரவும் சேரும் கோட்டருகே, தலைகீழாக, வட்டத்தின் கீழ்ப்பாதியில். 12 மி.மீ. வட்டத்தில் இதெல்லாம் தெரியாது. ஓரத்தில் 45 மி.மீ. உருப்பெருக்கி வட்டம் ஒன்று வரைந்து அதில் காட்டினோம். டமியை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரிப் புத்தகத்தை, படித்த பிள்ளைகள் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து இந்தியாவைத் தேடினார்கள். அந்தப் பக்கத்தை இனி எந்தப் பதிப்பிலும் மாற்றப் போவதில்லை.

வரைதலும் ஸ்கேனும்

300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) நீர்வண்ணத் தாள், அச்சு அளவிலேயே. தாளை பிளைவுட்டில் நாலு பக்கமும் பசை நாடா ஒட்டி நனைத்து இழுத்துக் காயவைத்த பிறகே வண்ணம். நாடா ஒட்டாமல் செய்த இரண்டு தாள் அலை அலையாக நெளிந்து, ஸ்கேனரில் பள்ளங்கள் மங்கலாக விழுந்தன. மெலிதான சி.ஐ.எஸ். வகை ஸ்கேனருக்குக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். சற்றே நெளிந்த தாளுக்கு சி.சி.டி. வகை வேண்டும்.

சாம்பலுக்குக் கறுப்பு வெள்ளை கலக்கவில்லை. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் 3க்கு 2 அளவில் கலந்து தண்ணீரால் இளக்கினால், ஒளி பட்ட பக்கம் வெதுவெதுப்பாகவும் நிழற்பக்கம் குளிர்ந்தும் நிற்கும் சாம்பல் கிடைக்கும்.

வானத்தைப் போஸ்டர் கலர் கறுப்பால் பூசியது பெரிய தவறு. பிரஷ் தடம் தெரிந்தது. அதைவிட மோசம் தூசி: 400 டி.பி.ஐ. ஸ்கேனில் கறுப்பின் மேல் ஒவ்வொரு தூசும் ஒரு விண்மீன். ஒரு விரிபக்கத்தைத் துடைத்து எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு வானத்தை வெறும் தாளாக விட்டுவிட்டு, அடிவானக் கோட்டை மட்டும் கூர்மையாக முடித்து, கறுப்பைக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் தனி லேயராக நிரப்பினோம். விரிபக்கம் ஏ4 ஸ்கேனரைவிடப் பெரியது. 30 மி.மீ. மேற்படிய இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டும். ஒட்டும் இடம் முதுகில் விழும்படி பார்த்துக்கொண்டால் சிறு பிசகு தெரியாது.

நிலவுத் தரைக் காட்சிகளில் விண்மீன் கிடையாது. பளீரென்ற தரைக்கு ஏற்றபடி கேமராவைத் திறந்து மூடினால் விண்மீன்கள் பதியாது, அங்கிருந்து வந்த படங்களிலும் இல்லை. பயணப் பக்கங்களில் மட்டும் வைத்தோம். அங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து, சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். "பல நாள் சுற்றியது" என்ற வரியில் ‘ல’ மேல் ஒரு விண்மீன் விழுந்து "பல் நாள்" ஆகிவிட்டது. இன்னோர் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியை விண்மீன் என்று நினைத்துத் தாண்டிப் படித்தது ஒரு குழந்தை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் இது சின்ன விஷயம் அல்ல. எழுத்துக் கட்டத்தைச் சுற்றி 12 மி.மீ.க்குள் எந்த விண்மீனும் கூடாது என்று விதி வைத்து எல்லாப் பக்கத்தையும் மறுபடி பார்த்தோம்.

எழுத்து

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான ஸ்க்ரைபஸில் 1.5.3க்கு முந்தைய பதிப்பு தமிழைக் கோர்க்காது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் இதே கதை. எதில் செய்தாலும் அச்சகத்துக்கு அனுப்பும் பி.டி.எஃப்.இல் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிவிடுவது நல்லது. நாங்கள் எழுத்துருவை உள்ளிட்டு அனுப்பியதை அங்கே வேறு மென்பொருளில் திறந்து பக்கம் அடுக்கினார்கள். ‘கொ’ எல்லாம் உடைந்தது. பிளேட் (அச்சுத் தகடு) போடும் முன் கண்ணில் பட்டதால் தப்பித்தது.

சொல் தேர்வில் ஒரே ஒரு முடிவு மட்டும் சொல்கிறேன். லேண்டருக்குத் "தரையிறங்கி" என்று முதல் இடத்தில் ஒரு முறை, பிறகு எங்கும் விக்ரம். ரோவருக்கு "ஊர்தி" ஒரு முறை, பிறகு பிரக்யான். ராக்கெட் ராக்கெட்தான்.

கறுப்பு

திரைக்கான ஆர்.ஜி.பி. கறுப்பை மென்பொருள் தானாக அச்சு மைகளுக்கு மாற்றியபோது நாலு மையும் சேர்ந்து 300 சதவீதம் வந்தது. 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பரில் பக்கம் முழுக்க அவ்வளவு மை விழுந்தால் சீக்கிரம் காயாது, அடுக்கி வைத்த தாளின் முதுகில் ஒட்டும். அச்சகத்தில் இதை செட்-ஆஃப் என்பார்கள். கறுப்பு மை மட்டும் 100 போட்டால் வானம் கரும்பலகைபோல் வெளிறிப்போகும். சோதித்து நிறுத்திய கலவை: சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. மொத்தம் 240. ஆழமும் இருக்கிறது, காயவும் காய்கிறது.

இந்தக் கலவையில் வெள்ளை எழுத்து வைத்தால் அடுத்த தொல்லை. நாலு பிளேட்டும் 0.1 மி.மீ. தள்ளினாலும் எழுத்தின் உள்ளே நிறம் புகுந்துவிடும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழுக்கு இது கொடுமை. ‘ணு’, ‘ழு’, ‘ஞ’ போன்றவற்றின் சுழி அடைந்துபோகும். முதல் மெஷின் தாளில் 14 பாயின்ட் ‘எழுந்தது’ படிக்கவே முடியவில்லை. செய்த மாற்றங்கள் மூன்று. முடிந்த பக்கமெல்லாம் எழுத்தை வானத்திலிருந்து இறக்கி வெளிர்சாம்பல் தரையில் கறுப்பாக வைத்தோம், அதுவும் கறுப்பு மை மட்டும். இறக்க முடியாத மூன்று விரிபக்கத்தில் 20 பாயின்ட் தடித்த எழுத்து. அந்த வெள்ளை எழுத்துக்குப் பின்னால் அதே எழுத்தின் நகலை வைத்து, அதற்கு 1.2 பாயின்ட் கனத்தில் கறுப்பு மை மட்டும் உள்ள விளிம்புக்கோடு. கோட்டில் பாதி, 0.2 மி.மீ., எழுத்துக்கு வெளியே தெரியும். மற்ற மூன்று நிறமும் அந்த 0.2 மி.மீ. தள்ளியே நிற்பதால், பிளேட் சற்றுத் தள்ளினாலும் எழுத்துக்குள் வராது. விளிம்புக்கோடு ஓவர்பிரின்ட் (மற்ற மைகளின் மேலேயே அச்சாவது) ஆகாமல் நாக்-அவுட் (அடியில் மற்ற மைகளை வெட்டி எடுப்பது) ஆக இருக்கிறதா என்று, ஒவ்வொரு மையையும் தனியே காட்டும் செபரேஷன் காட்சியில் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓவர்பிரின்ட் ஆனால் எல்லாம் வீண்.

தரையின் சாம்பலும் தனியே கவனிக்க வேண்டியது. நிறங்களால் ஆன சாம்பல் மெஷினில் நிலைக்காது. மெஜந்தா சிறிது ஏறினால் நிலவு ரோஜா நிறம், சியான் ஏறினால் பச்சை. பக்கத்துக்குப் பக்கம் வேறு நிலவு. ஆகவே தரைப் பகுதியின் ஸ்கேனை கிரேஸ்கேல் ஆக்கிக் கறுப்பு சேனலில் மட்டும் வைத்து, மேலே சியான் 4, மெஜந்தா 5, மஞ்சள் 8 என்று ஒரே சீரான மெல்லிய நிறம் போட்டோம். கையால் கலந்த வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் இதில் போய்விடும். அது வருத்தம்தான். ஆனால் 32 பக்கமும் ஒரே நிலவாக இருக்கிறது. ஆழ்ந்த நிழல்களில் மட்டும் வானத்தின் அதே கலவை.

கறுப்பை டிஜிட்டல் பிரின்ட் எடுத்து மதிப்பிட்டது இன்னொரு தவறு. டோனர் கறுப்பு பளபளப்பாக, அடர்த்தியாக நிற்கும். அதை நம்பி வண்ணத்தைக் குறைத்து வைத்தால் ஆஃப்செட்டில் வெளிறும். 100 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாளிலும் ஒரு தாள் ஓட்டிப் பார்த்தோம். கை தொட இதமான தாள், ஆனால் மையை உறிஞ்சி வானம் கரித்தூள் நிறமாகிவிடுகிறது. இந்தப் புத்தகத்துக்கு ஆர்ட் பேப்பர்தான்.

மெஷின் ஓடும் நாளில் நேரில் நிற்க வேண்டும். தாளில் ஒரே நெடுவரிசையில் தலைக்குத் தலை விழும் இரண்டு பக்கத்துக்கும் மை போகும் சாவி ஒன்றே. ஒன்று முழுக் கறுப்பாகவும் மற்றது வெளிர் தரையாகவும் இருந்தால், கறுப்புக்கு மை ஏற்றும்போது தரை இருண்டுவிடும். இரண்டாவது ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுப்பில்) அப்படி ஒரு ஜோடி விழுந்தது. இரண்டுக்கும் நடுவாக ஒரு நிலையில் நிறுத்தி ஓட்டினோம், பிரக்யானின் பள்ளக் காட்சி நான் நினைத்ததைவிட ஒரு படி இருட்டு. பக்க அடுக்கை முன்கூட்டியே வாங்கியிருந்தால் கறுப்புக்கு எதிரே கறுப்பு விழும்படி காட்சிகளை மாற்றியிருக்கலாம்.

ஒரு பக்கம் அடித்த தாளை அன்றே திருப்பி மறுபக்கம் ஓட்டியதில் சுமார் 60 பிரதிக்கான தாள் ஒட்டிக் கெட்டது. மழைக்காலம். குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும், தாளைக் குட்டை அடுக்காக வைக்க வேண்டும். நாள் ஒதுக்கிக் கேட்டிருந்தால் செய்து கொடுத்திருப்பார்கள். அட்டையில் மேட் லாமினேஷன் மாதிரி பார்த்தோம், கறுப்பின் மேல் நகக்கீறல் வெள்ளையாகத் தெரிகிறது. கிளாஸ் போட்டோம்.

பொன்னிறக் காப்புத்தாளை ஐந்தாவது மையாகத் தங்க நிறம் போட ஆசை இருந்தது. கூடுதல் பிளேட், கூடுதல் ஓட்டம் என்று கைவிட்டோம். நாலு கலரிலேயே, மெஜந்தா 25, மஞ்சள் 80க்குப் பக்கத்தில் தாளின் வெறும் வெள்ளையையும் அடர் பழுப்பையும் கூர்மையான முக்கோணங்களாக ஒட்டி வைத்தால் கண் அதை உலோகமாக எடுத்துக்கொள்கிறது. மெல்ல மங்கும் நிழல் போட்டால் களிமண்ணாகிவிடும்.

செலவு

உள் தாள் 130 ஜி.எஸ்.எம். 5 ரீம், ரீமுக்குச் சுமார் 25 கிலோ: 12,000 ரூபாய். அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். போர்டு 300 தாள்: 3,300. பிளேட் 20, ஒன்று 300 வீதம்: 6,000. எழுத்துச் சுழி அடைந்த ஃபாரத்துக்குத் திரும்பப் போட்ட நாலு பிளேட்: 1,200. உள் பக்க அச்சு நாலு ஓட்டம்: 7,200. அட்டை அச்சு 1,500, லாமினேஷன் 1,400, மடித்துப் பின் அடித்து வெட்ட 3,500, லாரி 1,300. மொத்தம் 37,400. நல்ல பிரதி 940 கிடைத்தது, ஒன்றுக்கு 40 ரூபாய் அடக்கம். தாளும் வண்ணமும் மாதிரிச் செலவும் தனியே 5,900. வரைந்த உழைப்பு இதில் சேரவில்லை.

அடுத்த அச்சுக்கு மாற்ற வேண்டியவை

பக்கம் 22–23இல் பிரக்யானின் சக்கரத் தடம் முதுகைத் தாண்டுகிறது. பல பிரதிகளில் 1.5 மி.மீ. படி விழுந்திருக்கிறது. 100 மீட்டருக்குச் சற்று மேல் ஓடிய அந்தத் தடத்தை இடப் பக்கத்திலேயே ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைத்து, வலப் பக்கத்தில் வேறு கோணத்தில் வெளியே கொண்டுவரலாம். முதுகில் கோடே வராது. நடுப்பக்கங்கள் வெளிப்பக்கங்களைவிட 1 மி.மீ. போலப் பிதுங்கி வெட்டுப்படுகின்றன. பக்க எண் ஓரத்திலிருந்து 7 மி.மீ.இல் இருக்கிறது, 10க்குக் கொண்டுபோக வேண்டும். தலைகீழ் பூமியின் உருப்பெருக்கி வட்டத்தில் இலங்கை அடர்நிறத்தில் கரைந்துவிட்டது. அதைத் திரும்ப வரைந்து ஸ்கேன் செய்தாகிவிட்டது.